ஒரு ‘ன’ கழன்ற ஊர்

“மிஸ்டர் கீஸ், இஸ்ரேலின்ரை மற்றக் கதவையும் திறவுங்கோ.”

என் காற்சட்டையை முழங்காலடியில் பிடித்து இழுத்துக்கொண்டு இப்படிக் கேட்டவளுக்கு நாலு வயது. பெயர் ஷிரா. முதுகில் முயல் படம் போட்ட பை. கழுத்தில், நீலக் கடதாசியில் வெட்டிய பாஸ்போர்ட் நூலில் தொங்கியது. ஐந்து நிமிடத்துக்கு முன்தான் லண்டனிலிருந்து பறந்து வந்து இறங்கியிருந்தாள்.

பறந்த தூரம் பதினெட்டு அடி. வகுப்பறைக் கதிரைகளை இரண்டிரண்டாக அடுக்கி விமானம் செய்திருந்தார்கள். நேர்சரியின் தலைமை ஆசிரியை மிரியம்தான் விமானி. எல்லாருக்கும் கடதாசிக் கோப்பையில் முந்திரிகை வற்றல் கொடுத்தார்கள். நடுவானில் ஒருவன் சத்தி எடுப்பதுபோல் நடித்தான். கடைசியில் எல்லாரும் கைதட்ட, விமானம் பெரிய மண்டபத்தில் இறங்கியது.

அந்த மண்டபம்தான் இஸ்ரேல். ஒரு தட்டு மணல், ஒரு கூடை தோடம்பழம் (ஆரஞ்சு என்றும் சொல்வார்கள்), துணியில் தைத்த ஓர் ஒட்டகம், மூலையில் ஒரு சுவர்.

மற்றப் பிள்ளைகள் மணலுக்கு ஓடினார்கள். ஷிரா ஒட்டகத்துக்குப் பின்னால் பார்த்தாள். மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். சுவரின் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

அந்தக் கட்டிடத்தின் எல்லாக் கதவுக்கும் திறப்பு, அதாவது சாவி, வைத்திருப்பவன் நான்; அதனால்தான் மிஸ்டர் கீஸ். அவள் யாரைத் தேடுகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அவள் காற்சட்டையை விடப்போவதில்லை. அதற்குள் நான் முன்கதையைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

திறப்புக்காரன்

போன கிழமை இந்தப் பக்கத்தில், பெட்ரோல் நிலையத்தில் நான் ஒரு கள்ளனைப் பிடித்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த என் மனைவி, “இஞ்சாருங்கோ, அப்ப கள்ளன் உங்களைப் பிடிச்சதெண்டெல்லோ சொன்னனீங்கள்” என்றாள். ஆகவே திருத்தம்: கள்ளன்தான் என்னைப் பிடித்தான்.

அந்தப் பெட்ரோல் நிலையத்தை இடித்து மாடிவீடு கட்டப் போகிறோம் என்றார்கள். அறுபதை எட்டிப் பார்க்கும் வயதில் வேலை தேடி, வட லண்டனில் ஒரு யூத நேர்சரியில் கேர்டேக்கர் ஆனேன். பூட்டுவது, திறப்பது, கூட்டுவது, அடைத்துக்கொண்ட கழிவறையுடன் பேச்சுவார்த்தை நடத்துவது. இதுதான் உத்தியோகம்.

நேர்முகத்தில் மிரியம் கேட்டார்: “யூத ஆக்களைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?”

“நாங்கள் இலங்கைத் தமிழர் மேடம். உங்களை மாதிரித்தான். எங்கை போய் இறங்கினாலும் முதல்லை ஒரு கோயில், பிறகு இரண்டு கமிட்டி.”

“இரண்டுதானா?” என்று கேட்டுவிட்டு வேலையைத் தந்தார்.

இந்த இடத்தில் ஒரு வாக்குமூலம். இந்த அத்தியாயத்தில் பேசும் பாதிப்பேர் பேசியது ஆங்கிலம். நான் அதை எனக்கு வரும் ஒரே தமிழில் எழுதுகிறேன். ஷிரா பருத்தித்துறைப் பிள்ளைபோலப் பேசுவதாகத் தோன்றினால் குற்றம் என்னுடையது.

என் வீட்டுக்குக் கிட்ட, கோலியர்ஸ் வுட்டில் ஏறினால் நேர்சரி வரைக்கும் ஒரே ரயில். ஒரு மணித்தியாலம் தூங்கலாம். நேர்சரி வாசலில் இரண்டு கதவு. ஒன்று பூட்டினால்தான் மற்றது திறக்கும். நடுவில் ஓர் ஆள் நிற்கக்கூடிய கண்ணாடிக் கூடு. வெளியில் காவலாளி. இஸ்ரேல் பக்கம் சண்டை பெருத்த நாளிலிருந்து காவலாளி இரண்டு பேரானார்கள். அவர்கள் பிஸ்கட் அலுமாரியைக் காவல் காப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒருவரும் திருத்தவில்லை.

அவர்களின் சாப்பாட்டு விதிப்படி என் மீன்குழம்பு அவர்களின் சமையலறைக்குள் போகக்கூடாது. அது நியாயம்; சில நாட்களில் எனக்கே அதைச் சாப்பிடப் பயமாக இருக்கும். பொயிலர் அறையில் ஒரு கதிரை, என் தேத்தண்ணிக் கேத்தில், ஈஸ்ட் ஹாம் நகைக்கடை கொடுத்த பிள்ளையார் படக் கலண்டர். அதுதான் என் சாப்பாட்டு மண்டபம்.

தோடம்பழம் எப்படி இருக்கு?

ஷிராவைத் தினமும் காலையில் கூட்டி வந்தவர் அவளுடைய தாயின் தகப்பன், ஹாரி. ஓய்வுபெற்ற டாக்ஸிக்காரர். லண்டனின் அத்தனை தெருவும் தலைக்குள் இருந்தது, காதுதான் கேட்காது. காதில் மாட்டிய மெஷின் விசிலடிக்கும். ஷிரா அவரைக் கூப்பிடுவது ‘சபா’ என்று. அவர்களுக்குச் சபா என்றால் தாத்தா. முதல் நாள் அவள் “சபா, சபா” என்று கத்தியபோது, எங்கேயோ கச்சேரி தொடங்கப் போகிறதென்று திரும்பிப் பார்த்தவன் நான்.

இரண்டாம் நாள் ஹாரி கேட்டார்: “நீர் எந்த ஊர்?”

“ஜாஃப்னா.”

“ஜாஃபாவோ? என்ரை தங்கச்சி அங்கைதான் இருக்கிறா. நீர் எந்தப் பக்கம்?”

யாழ்ப்பாணத்தை ஆங்கிலத்தில் சொன்னால் ஜாஃப்னா. நடுவில் இருக்கும் அந்த ‘ன’ கழன்று விழுந்தால் ஜாஃபா. அது இஸ்ரேலில், கடற்கரையில் இருக்கும் பழைய பட்டினம். ஹாரியின் காதுக்குள் அந்த ‘ன’ விழுந்து தொலைந்துவிட்டது. ஒரு நல்ல மனிதன் உடனே திருத்தியிருப்பான். நான், “கடற்கரைப் பக்கம்” என்றேன். அதில் பொய் இல்லை.

மூன்றாம் நாளே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வந்து கையை ஓங்கினார், அடிக்கவில்லை. பகிடியைக் கைவிடவும் மனம் வரவில்லை. ஷிராவைக் குனிந்து பார்த்து, “இவர் ஜாஃபாக்காரர். தோடம்பழம் காய்க்கிற ஊர். இஸ்ரேல் முழுக்க இவருக்குத் தெரியும்” என்றார். என் இடுப்பில் தொங்கிய திறப்புக் கொத்தைக் காட்டி, “கதவுகூட இவர்தான் திறக்கிறவர்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று ஷிரா கேட்பாள்: “மிஸ்டர் கீஸ், தோடம்பழம் எப்பிடி இருக்கு?”

“பழுத்துக்கொண்டு வருது.”

போன வருடம் பஸ்கா பண்டிகைக்கு முன் ஒரு நாள் ஹாரி, “அடுத்த வருசம் ஜெருசலேமிலை” என்றார். அந்தப் பண்டிகைச் சாப்பாட்டின் முடிவில் அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம்.

“அடுத்த வருசம் யாழ்ப்பாணத்திலை” என்றேன் நானும்.

“நாங்கள் இரண்டாயிரம் வருசமாச் சொல்லுறம். நீர் இப்பதானே தொடங்கியிருக்கிறீர். அவசரப்படாதையும்.”

கடவுளின் உடுப்புகள்

வருடத்தில் ஒரு வாரம் அந்த நேர்சரியில் ‘இஸ்ரேல் கிழமை’. அதற்குச் சுவர் கட்டும் ஒப்பந்தம் என்னுடையது. ஜெருசலேமில் உள்ள மேற்குச் சுவரின் நகல். அங்கே போகிறவர்கள் கடவுளுக்கு ஒரு கடதாசித் துண்டு எழுதிக் கல்லிடுக்கில் செருகுவார்களாம். நான் டூட்டிங் கடையில் மாம்பழப் பெட்டிகள் கேட்டு வாங்கி, மூன்று நாளாக ரயிலில் காவி வந்து, மண் நிறம் பூசி அடுக்கினேன்.

எத்தனை தரம் பூசியும் ஒரு பெட்டியில் மாம்பழப் படம் மங்கலாகத் தெரிந்தது. மணமும் போகவில்லை. கடவுளுக்கு மாம்பழம் பிடிக்கும் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். எனக்கும் மறுப்பில்லை. எங்கள் வீட்டுக் கடவுள்கள் இரண்டு பேர் மாம்பழத்துக்காகவே கோபித்துக்கொண்டவர்கள்.

நான் ஏணியில் நின்றபோது, கீழே மிரியம் பிள்ளைகளை வட்டமாக இருத்திக் கேட்டார்: “இஸ்ரேல் எங்கை இருக்கு?”

“பிளேன் நிக்கிற இடத்திலை” என்றான் ஒருவன்.

“இல்லை, அம்மாவின்ரை போனுக்குள்ளை” என்றாள் ஒருத்தி. “மாமி அதுக்குள்ளை இருந்து கை காட்டுறவ.”

“பிரென்ட் குரொஸ் கடையளுக்கு அங்காலை. காரிலை போனா வாந்தி வரும்.”

“அங்கை கடவுள் இருக்கிறார்” என்றான் கண்ணாடி போட்ட ஒருவன். “வெள்ளிக்கிழமை பின்னேரம் இஞ்சை வருவார். சனிக்கிழமை இருட்டினவுடனை திரும்பிப் போடுவார்.”

“ஏன் போறார்?”

“அங்கைதானே அவரின்ரை உடுப்புகள் இருக்கு.”

ஏணியில் நின்று சிரித்தேன். அதற்குள் ஒருத்தி சொன்னாள்: “என்ரை மச்சாள் வீட்டிலை ஒரு கெட்டியான அறை இருக்கு. சைரன் அடிச்சா எல்லாரும் அதுக்குள்ளை போய்ப் படம் பாக்கலாம். முட்டாசும் குடுப்பினம்.” மற்றப் பிள்ளைகளுக்கு வாயூறியது. எனக்கு எங்கள் வீட்டுப் பங்கர் குழியின் ஈரமண் மணம் மூக்கில் ஏறி, சிரிப்பு நின்றுவிட்டது. எங்களுக்குப் படமும் இல்லை, முட்டாசும் இல்லை.

மற்றவர் சண்டையைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. அந்தத் துண்டு நிலத்திலேயே வேறு பிள்ளைகளும் வட்டமாக இருந்து, எங்கள் ஊர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. நாலு வயதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் கேட்கிறார்கள். பதில்தான் பிறகு அவர்களைப் பிரித்துவிடுகிறது.

அப்போது ஷிரா சொன்னாள்: “அங்கை சபா இருக்கிறார்.”

மிரியம் உடனே ஒரு பாட்டைத் தொடங்கினார்.

போட்டார்

ஹாரி அதற்கு முந்திய பனிக்காலத்தில் செத்துப் போனார். இருதயம். அவருக்கு ஜெருசலேமில் ஒரு நிலத்துண்டு முன்பே ஒதுக்கி இருந்ததாம். அடுத்த நாளே உடலை விமானத்தில் கொண்டுபோய் அங்கே அடக்கம் செய்தார்கள். வீட்டில் ஷிராவிடம் சொன்னது இதுதான்: “சபா இஸ்ரேலுக்குப் போட்டார்.” போய்விட்டார் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

என்ன பொய் இதில்? ஒரு சொல்கூடப் பொய்யில்லை. டிக்கெட்கூட இருந்தது.

வீட்டார் தாங்களாகச் சொல்லும் வரைக்கும் நேர்சரியில் ஒருவரும் பிள்ளைக்கு மற்றதைச் சொல்லக்கூடாது என்று ஒழுங்கு.

நாங்கள் மட்டும் என்ன, செத்துப் போகிறோமா? மரண அறிவித்தல் பக்கத்தைப் பாருங்கள். சிவபதம் அடைகிறோம். இறைவனடி சேர்கிறோம். ஊரில் கதைக்கும்போது ‘மோசம் போட்டார்’ என்போம். எல்லாம் பயணம். தமிழனுக்குச் சாவதைவிடப் பெட்டி கட்டுவது சுலபம்.

எனக்கு ஒரு தம்பி. சான்றிதழில் ஜெகதீஸ்வரன், வீட்டில் ஈசன். கோலியர்ஸ் வுட் வீட்டின் சின்ன அறையில் எங்களோடு இருந்தான். என் மகள் அபியைக் காலையில் நேர்சரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன் அவன்தான். தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸோடு போட்டிக்கு ஓடுவான். சமாதானம் வரும்போல் இருந்த ஒரு காலத்தில், அம்மாவைப் பார்த்துவிட்டு வாறன் என்று ஊருக்குப் போனான். சமாதானம் வரவில்லை. மறுபடியும் போர் பிடித்து, வெளியே வரும் பாதை பூட்டியது. கடைசிச் சண்டையில் அம்மா செத்த செய்தி வந்தது. ஈசனைப் பற்றி ஒன்றும் வரவில்லை. கடற்கரை மணலில் கண்டதாக ஒருவர் சொன்னார். ஆமி பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் போனபோது அபிக்கு நாலு வயது.

“சித்தப்பா எங்கை?”

“ஊருக்குப் போட்டார்.”

“எப்ப வருவார்?”

“வருவார்.”

பிறந்தநாள்களில் தனக்குக் கிடைக்கும் சொக்லட்டில் கடைசி ஒன்றை அபி அவனுக்கென்று எடுத்து வைப்பாள். போன் அடித்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அலுமாரிக்குள் அவை வெளுத்துப்போன பிறகு நான் களவாகத் தின்றுவிடுவேன். பகிடியாகத்தான் சொல்கிறேன். ஆனால் தின்றது உண்மை.

இப்போது அவள் வளர்ந்த பெண், மருந்தாளர் வேலை. ஒவ்வொரு வருடமும் கேட்கிறாள்: “அப்பா, சித்தப்பாவுக்கு ஒரு நாளைக் குறிச்சுச் செய்வம். ஐயர் ஏலும் எண்டு சொல்லுறார்.” முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் செய்யவில்லை. செத்த நாள் தெரியாதவனுக்கு எது திதி? நான் ஒவ்வொரு வருடமும் ஒரு பகிடி விட்டுத் தப்பிவிடுவேன். செய்தி நின்று பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் பகிடி கைவசம் இருக்கிறது.

மற்றக் கதவு

இனி ஷிராவிடம் வரலாம். காற்சட்டையை இன்னும் விடவில்லை.

“எந்தக் கதவு?” என்றேன், தெரியாதவன்போல்.

“எல்லாம். சபா இந்த அறையிலை இல்லை. நீங்கள்தானே ஜாஃபா.”

மிரியம் தூரத்திலிருந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டுவார் என்று காத்திருந்தேன். ஆட்டவில்லை. எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்.

கூட்டுகிற தும்புத்தடிகள் வைக்கும் அலுமாரியைத் திறந்தேன். ஷிரா தலையை உள்ளே நீட்டி, “சபா” என்று கூப்பிட்டாள். கதிரை அடுக்கும் அறையைத் திறந்தேன். “சபா.” ஆசிரியர் கழிவறையைத் தட்டிவிட்டுத் திறந்தேன். அங்கே கொஞ்ச நேரம் காத்து நின்றாள். அவர் உள்ளே நெடுநேரம் இருக்கிற ஆள்தான்.

கடைசியாகப் பொயிலர் அறை. அவள் உள்ளே எட்டிக் கலண்டரைப் பார்த்தாள்.

“இது ஆர்?”

“என்ரை ஊர்க்காரர்.”

“இஸ்ரேலிலை யானையும் இருக்கோ?”

“ஓம்.”

“சபா?”

நாற்பது வருடம் வாயால் பிழைத்தவன் நான். கள்ளனிடம், இமிக்ரேஷன்காரனிடம், மனைவியிடம். அந்த நேரத்தில் வாயில் வந்தது ஒன்றே ஒன்று, அது எப்போதோ செய்து வைத்தது.

“இன்னும் அங்காலை நிக்கிறார். வருவார்.”

மிரியம் கண்ணை மூடித் திறந்தார். ஷிரா தலையாட்டினாள். ஜாஃபாக்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். திரும்பிப் போய்க் கூடையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து முயல் பைக்குள் வைத்தாள்.

அடுத்த நாள் வாசல் மணி அடித்த ஒவ்வொரு தரமும் அவள் அந்தப் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கண்ணாடிக் கூட்டைப் பார்த்தாள். தபால்காரர் வந்தார். பால் வந்தது. ஒருவனுடைய தாய் மறந்துபோன தொப்பியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு தரமும் அவள் என்னைப் பார்த்தாள். நான் திறப்புகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தேன்.

பிள்ளைகள் போன பிறகு மிரியத்திடம் போனேன். “நான் சொன்னது பிழை.”

“எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறம். நீர் கொஞ்சம் நல்லாச் சொல்லிப்போட்டீர்” என்றார். “இண்டைக்கு நான் தாயோடை கதைக்கிறன்.”

பிறகு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, சுவரைக் காட்டி ஒன்றைச் சொன்னார். வெள்ளிக்கிழமை இதைப் பிரிக்கும்போது பெட்டிகளை எறியலாம், பிள்ளைகள் செருகிய துண்டுகளை எறியக்கூடாது. அவர்கள் கடவுளைக் கூப்பிடுவது ‘ஹஷெம்’ என்று. அதன் அர்த்தமே ‘அந்தப் பெயர்’ என்பதுதான். அந்தப் பெயரை உரிய எழுத்தில் எழுதிய தாளைக் குப்பையில் போடமாட்டார்கள். ஒரு நீலப் பெட்டியில் சேர்த்து வைத்து, ஆளை அடக்கம் செய்வதுபோல் மயானத்தில் குழி வெட்டிப் புதைப்பார்களாம். பிள்ளைகளின் துண்டுகளில் அப்படி ஏதும் இருக்காது. இருந்தாலும் அவற்றையும் அந்தப் பெட்டியில் போடுவது இந்த நேர்சரி வழக்கம்.

“தாளையோ?”

“தாளைத்தான்.”

அவர் போன பிறகு மண்டபத்தைக் கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினேன். பிறகு கடை ரசீது ஒன்றின் முதுகில் ஈசன் என்று எழுதினேன். எங்கள் மொழியில் அதுவும் அந்தப் பெயர்தான். சிவனுக்கே உரிய பெயர். மடித்து, மாம்பழம் தெரிந்த பெட்டிக்குக் கீழே செருகினேன்.

எலும்பு இல்லை, சாம்பல் இல்லை, திதி இல்லை. ஒரு பெயராவது எங்கேயாவது மண்ணுக்குள் போகட்டும் என்று நினைத்தேன். யாரோ ஒருவருடைய மயானம். யாரோ ஒருவருடைய மந்திரம். இந்த முறை அபி கேட்டால், “முடிஞ்சுது” என்று சொல்லலாம். அன்று ரயிலில் எனக்கு நித்திரை வரவில்லை.

கல்

வெள்ளிக்கிழமை காலை ஷிரா கண்ணாடிக் கூட்டுக்குள் வந்து நின்றபோது தோடம்பழத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தாயின் கண் வீங்கியிருந்தது. தாய் என்னைப் பார்த்து, “சொல்லிப்போட்டம்” என்றார். அவர்கள் துக்க வீட்டில், “நீண்ட ஆயுள் கிடைக்கட்டும்” என்று சொல்வார்கள் என்று மிரியம் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். அதைச் சொன்னேன். ஆயுளை நீட்டித்து என்ன செய்வது என்ற கேள்வியை எனக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு, தோட்டத்தில் ஷிரா கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

“சபா செத்துப் போனார்” என்றாள், நிமிராமலே.

“ஓம்.”

“இஸ்ரேலிலை ஒரு கல்லுக்குக் கீழை இருக்கிறார். அம்மா படம் காட்டினவ. கல்லிலை அவரின்ரை பேர் இருக்கு. வெளியிலை வர ஏலாது. கல்லு பாரம்.”

“ஓம்.”

“நாங்கள் போகேக்கை இந்தச் சின்னக் கல்லை அந்தப் பெரிய கல்லுக்கு மேலை வைப்பம். வந்திட்டுப் போனம் எண்டு அவருக்குத் தெரியோணும்.” பிறகு நிமிர்ந்தாள். “உங்கடை ஜாஃபாவிலை உங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?”

அந்த ‘ன’வை இனி யார் எடுத்துக் கொடுப்பது?

“தம்பி” என்றேன்.

“செத்துப் போனாரோ?”

குப்பைத் தொட்டியின் மூடியை அமத்தினேன். அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். தன் பையிலிருந்து தேடி, நல்ல உருண்டையான ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். “இது அவரின்ரை கல்லுக்கு.”

“அவருக்குக் கல்லு இல்லை.”

“இல்லையோ?”

“இல்லை.”

யோசித்தாள். நெற்றியில் ஹாரிக்கு விழுவதுபோலவே மூன்று கோடு. பிறகு என் கையிலிருந்த கூழாங்கல்லைத் திருப்பி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“கல்லு இல்லாட்டி வரலாம்” என்றாள். அடுத்த கல்லைப் பொறுக்கப் போய்விட்டாள்.

சாமான் துண்டு

பின்னேரம் சுவரைப் பிரித்தோம். நான் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கினேன். மிரியம் அந்த நீலப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு துண்டுகளைச் சேர்த்தார். பூனைக்குட்டி வேண்டும் என்று ஒரு படம். தங்கச்சியைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒன்று. மாம்பழப் பெட்டியைத் தூக்கியபோது ரசீது விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, என் எழுத்தைப் பார்த்தார்.

“இது உம்மடை மொழியெல்லோ. அந்தப் பெயர் இதிலை இருக்கோ?”

ஓம் என்றால் நீலப் பெட்டி. இல்லை என்றால் குப்பை.

“சாமான் துண்டு” என்றேன். “கருவேப்பிலை, கத்தரிக்காய்.”

“கடவுளிட்டைக் கத்தரிக்காயோ கேட்டனீர்?”

“டூட்டிங்கிலை நல்லது கிடைக்கிறேல்லை.”

மிரியம் சிரிக்கவில்லை. ரசீதை என்னிடம் நீட்டினார். வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அவர் நீலப் பெட்டியின் மூடியை உடனே போடாமல், இன்னும் யாரோ வருவார்கள் என்பதுபோல் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தார்.

கல் இல்லாவிட்டால் வரலாம் என்ற நாலு வயதுப் பிள்ளையின் சட்டத்தை நம்பிக் காரியம் பார்த்தவன் இந்த லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றும்போது அபியிடமிருந்து போன். “அப்பா, ஆடி அமாவாசை வருது. இந்த முறையெண்டாலும் சித்தப்பாவுக்குச் செய்வமா? பகிடி விடாமல் சொல்லுங்கோ.”

“கல்லு இல்லை அபி” என்றேன்.

“என்ன கல்லு?”

“ஒண்டுமில்லை.”

“அப்பா.”

“வருவார்” என்றேன்.

இருபது வருடத்துக்கு முன் சொன்ன அதே சொல், அதே குரல். அப்போது அவள் நம்பினாள். இப்போது நம்பவில்லை என்பது மறுமுனையின் மூச்சிலேயே தெரிந்தது. ஆனாலும் போனை வைக்கவில்லை. சட்டைப் பைக்குள் இருந்த ரசீதைத் தொட்டுக்கொண்டு நானும் வைக்கவில்லை. நம்புவதற்கு வீட்டில் ஒருவராவது வேண்டும். இந்தத் தடவை நம்புகிற முறை எனக்கு.